கதவைச் சாத்திக்கொண்ட பேச்சு

பியாட்ரிஸுக்குப் புருஷன் விஷயத்தில் முதன்முதலாகப் பொறாமை வந்தது அறுபதை நெருங்கிய வயதில். அதுவும் ஒரு தாதிமேல்.

பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய லூயிஸ் எந்த ஷிஃப்டு முடிந்து வந்தாலும் சுடச்சுடச் சோறு போட்டவள் அவள். மனுஷன் தும்முவதற்கு முன்பே தனக்குத் தெரியும் என்று தேவாலயத்தில் பீற்றிக்கொள்வாள். இப்போது அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். டாக்டர்கள் கைவிரித்தபிறகு, கடைசிக்கட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஹாஸ்பிஸிலிருந்து தாதி ஷர்மினி வந்தாள். இரண்டாம் முறை அவள் வந்தபோதே லூயிஸ் அறைக்கதவைச் சாத்தச் சொன்னார்.

கட்டியவளை வெளியே நிறுத்திவிட்டு நேற்று வந்தவளிடம் என்ன ரகசியம்? பியாட்ரிஸுக்கு வயிறு எரிந்தது. தேநீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனாள், பேச்சு நின்றது. மறுமுறை ஷர்மினியின் தேநீரில் சீனியே போடவில்லை. அதையும் அந்தப் பெண் நன்றாயிருக்கிறது என்று குடித்துவிட்டுப் போனதில் எரிச்சல் கூடியது.

கடைசியில் ஷர்மினியை வாசலில் மறித்துக்கொண்டாள்.

“அப்படி என்னாதான் சொல்றாரு உங்ககிட்ட, மிஸ்ஸி?”

ஷர்மினி உள்ளே போய் லூயிஸிடம் அனுமதி கேட்டு வந்துதான் சொன்னாள். ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னாராம். இந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, தானும் செய்யமாட்டேன் என்றாளாம். ஆனால் அதோடு பேச்சை வெட்டாமல், எது தாங்க முடியவில்லை என்று கேட்டாளாம். அவர் சொன்னதை வைத்துத்தான் வலிமருந்தையும் மாற்றினாளாம்.

பியாட்ரிஸிடமும் அவர் ‘போதும்’ என்று சொன்னதுண்டு. அது பாவம், வாயைக் கழுவுங்கள் என்று அடக்கிவிடுவாள். அதனால்தான் அந்தப் பேச்சு வேறொருத்தியிடம் போயிருக்கிறது. அது அவளைச் சுட்டது.

அன்று மாலை அவளே கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“எது ரொம்ப கஷ்டமா இருக்கு? என்கிட்டயும் சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்.”

லூயிஸ் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“நீ தினமும் நான் சுகமாகணும்னு ஜெபம் பண்றே. நானும் ஆமென் சொல்லணும். அதான் முடியல லா.”

வாக்குக் கொடுத்துவிட்டாளே, குறுக்கே பேசவில்லை. அன்றைய ஜெபத்தில் அவருக்கு வலியில்லாத தூக்கம் மட்டும் கேட்டாள். அவள் சொல்லுமுன்பே அவர் ஆமென் சொன்னார்.

அடுத்தமுறை வந்த ஷர்மினி, அவர் முகத்தில் தெளிவு தெரிகிறதே, என்ன நடந்தது என்று விசாரித்தாள். பியாட்ரிஸ் அவள் தேநீரில் தாராளமாகச் சீனி போட்டுக் கலக்கினாள்.

“அது நாங்க கதவ சாத்திக்கிட்டு பேசினது, மிஸ்ஸி.”