வாழைக்கறை படாத சட்டை

எங்கள் ஆபீசில் விவசாயிகளைக் கௌரவிக்க விழா எடுத்தார்கள். நெடுமங்காட்டில் வாழை போட்டிருக்கும் என் அக்கா கணவரை நான்தான் கூட்டிப் போனேன். வாழைக்கறை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அதனால் அத்தானிடம் உடுப்பு இரண்டே வகை: கறை பட்டது, படாதது. படாததில் நல்லதாகப் பார்த்து இஸ்திரி போட்டு, ஷூவும் மாட்டி வந்திருந்தார்.

எங்கள் அதிகாரிகளோ விழாவுக்கென்றே வாங்கிய கைலியை மடித்துக் கட்டி, தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு மண்வெட்டியோடு நின்றார்கள். ஏசி ஹாலில் அப்படி என்ன வெயிலோ!

போட்டோகிராபர் அத்தானிடம், "சார் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, விவசாயிகளை மட்டும் எடுக்கணும்" என்றார்.

அத்தான் மரியாதையாக விலகி வந்து என்னிடம் மெல்லக் கேட்டார்: "பாவம், இவங்களுக்கு நாலு பேர் முன்னால போட நல்ல சட்டை ஒண்ணுகூடக் கெடையாதா?"