ஆறாவது பலகை

மாமா கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. வேனின் பின்பக்கம் ஆறு பலகைகள். ஆறையும் எழுதியவள் அவர் மனைவி, என் அத்தை. 'பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். சிதைப்பது குற்றம்' என்று அவள் எழுதித் தருவாள். யாரும் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போய் அவர் மாட்டிவிட்டு வருவார். அதுதான் இருவரின் பிழைப்பு. அந்த முறை வேன் மட்டும் ஒரு பேருந்து நிலையத்தில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

பேருந்து நிலையம் என்றதும் சொந்தக்காரர்களுக்குக் கதை கிடைத்துவிட்டது. "எவளோடயோ பஸ் ஏறிட்டாரு" என்றார்கள். போலீசும் கொஞ்ச நாள் தேடிவிட்டு அதையே நம்பியது. அத்தை யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பட்டறையைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தாள். கடைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு, 'நாய் ஜாக்கிரதை' கேட்டு வந்தவர்களுக்கு. கோடு போடாமலே அவள் கை நேராகப் போகும். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். பேச்சுக் கொடுத்தால் வரி முடிந்த பிறகுதான் பதில் வரும். அப்படியே பன்னிரண்டு வருடம் போனது.

வெளியூரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் வீட்டில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தேன்.

"ஊர் ஊரா சுத்தினியே, என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போக மாட்டியா?" என்றாள் அத்தை.

"எங்க, அத்தை?"

வரி முடியும்வரை காத்திருந்தேன்.

"உங்க மாமா பலகை மாட்டப் போன இடத்துக்கெல்லாம்."

கார் எடுத்தோம். முதலில் அடியில் தண்ணீரே இல்லாத ஒரு கல்பாலம். அப்புறம் கூரை போன குதிரை லாயம். பிறகு, தொற்றுநோய் வந்தவர்களை ஒரு காலத்தில் அடைத்துவைத்த வீடு. அதன் ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. எங்குமே எங்களைத் தவிர ஆளில்லை. ஆனால் போன இடமெல்லாம் அத்தையின் கையெழுத்து எங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

வெயிலில் வெளுத்த எழுத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்க்ரூவைத்தான் பார்த்தாள். நாலு மூலையிலும் முறுக்கி முடித்ததும், ஸ்க்ரூத் தலையிலுள்ள கோடு போன்ற பள்ளத்தை மாமா செங்குத்தாக நிறுத்துவாராம். ஒன்று சாய்ந்திருந்தாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"பைத்தியம்," என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். "ஈ காக்கா வராத இடத்துல யாரு பாக்கப் போறாங்கன்னு இந்த அழகு?"

அப்படி ஐந்து பலகைகள் ஆயின. ஆறாவது இடம் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கு. மாமாவின் வேன் கிடைத்த அதே பேருந்து நிலையத்தில் காரை விட்டுவிட்டு நடந்துதான் போக முடிந்தது. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. வேலைக்குப் புதிதாக வந்த காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?" என்றேன்.

"வேணாம்மா. எனக்கு வெயிலே போதும்."

உள்ளே பேசினால் குரல் எதிரொலிக்கவில்லை. யாரோ கைநீட்டி வாங்கிவைத்துக்கொள்வதுபோல் பாதியில் நின்றது. கடைசிச் சுவரில் பலகை. கொஞ்சமும் வெளுக்கவில்லை, பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. டார்ச் அடித்தேன். மூன்று ஸ்க்ரூ, மூன்றும் நேர். கீழே வலது மூலையில் வெறும் ஓட்டை.

அத்தை எழுதும்போது செய்வதுபோல் மூச்சை அடக்கியிருந்தாள்.

"பாதி வேலைய விட்டுட்டு பஸ் ஏறுற மனுஷனாடி அவரு?"

பையிலிருந்து மாமாவின் பழைய திருப்புளியையும் ஒரு ஸ்க்ரூவையும் எடுத்தாள். முறுக்கினாள். இறுகியதும், வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து விட்டாள்.

"கோணலா இருக்கு அத்தை."

"இருக்கட்டும். அவரு இங்கதான் இருக்காருன்னா இதப் பாத்துட்டு சும்மா இருக்க மாட்டாரு. ஓடிப்போயிருந்தா இப்படியே கெடக்கும்."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பும் திரும்பி வரவில்லை. வெளியே வரும்வரை என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்துகொண்டே இருந்தது.

"பூட்டிடுங்க," என்றாள் அத்தை காவலாளியிடம். "எப்பவாவது உள்ள போனா, அந்த நாலாவது ஸ்க்ரூவ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"நான் எங்கம்மா உள்ள போறது!" என்றபடியே அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம், நான் மறுபடி பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், போட்டோ வந்தது. எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அத்தை ஒரு வரியின் நடுவில் இருந்தாள். முதல்முறையாகப் பாதியில் தூரிகையை வைத்துவிட்டுக் கை நீட்டினாள். போட்டோவுக்குக் கீழே காவலாளி எழுதியிருந்தார்:

"அம்மாகிட்ட சொல்லிடுங்க. ஆபீசர் வந்தாருன்னு இன்னைக்குத்தான் கதவத் திறந்தேன். நீங்க போன நாள்லேர்ந்து சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. நாலும் நேரா நிக்குது."