தாய்லாந்துச் சாப்பாட்டு மேஜையில் பிலோமினா அக்கா

காட்டுமன்னார்கோயிலில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போன் வந்தது. பிலோமினா அக்காவின் மகள் ஜெனி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, வீராணத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன்.

சிதம்பரம் கிளையில் எங்களோடு வங்கி வேலை பார்த்தவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தினமும் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். மதியம் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அறிவிப்பு வரும்: "இன்னைக்கு நெத்திலி. தள்ளிக்கிறவங்க இப்பவே தள்ளிக்குங்கப்பா." வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். என் சாம்பாரை எட்டி முகர்ந்துவிட்டு, "நேத்து வச்சதாடி வளர்மதி?" என்பார். நேற்று வைத்ததாகத்தான் இருக்கும்.

2009இல் ஜெனி சென்னையில் வேலையில் இருந்தாள். கூட வேலை பார்த்த செந்திலை விரும்பினாள். அவன் வீடு சிதம்பரம். முட்டைகூட வாசல் தாண்டாத சைவக் குடும்பம். "பேசணும்னா பொது எடத்துல பேசலாம். அவுங்க வீடும் வேணாம், நம்ம வீடும் வேணாம்" என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருவரும் யோசித்து, சென்னையிலேயே ஒரு தாய்லாந்து ஓட்டலைப் பிடித்தார்கள். அங்கே தெரிந்த முகம் எதுவும் வராது, சாப்பாடும் இரண்டு வீட்டுச் சாப்பாடாக இருக்காது என்பது அவர்கள் கணக்கு. அன்று பெரியவர் தலையசைத்தால் கல்யாணம், இல்லையென்றால் அதோடு முடிந்தது. அக்கா கணவரை இழந்தவர். பெண் வீட்டுப் பெரிய மனுஷியாக என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சாயங்காலம் முழுக்கத் தண்ணீருக்கடியில் நடந்ததுபோலவே என் நினைவில் இருக்கிறது. மங்கலான மஞ்சள் விளக்குகள். மேஜை நடுவே பித்தளைக் கிண்ணத்தில் ஒரு தாமரை, யாரும் தொடாமலே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பாட்டா, வெளியே மழையா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம். கைகூப்பி வரவேற்ற பையனிடம் அக்கா, "தம்பிக்கு பாங்காக்கா?" என்றார். "மணிப்பூர், ஆன்ட்டி" என்று அவன் தமிழிலேயே சிரித்தான். தேங்காய்ப்பாலும் எலுமிச்சம்புல்லும் கொதிக்கும் வாசனையில் எனக்குக் கண் சொருகியது. கல்யாணம் பேச வந்திருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

முதலில் வந்தது பப்பாளிக்காயைச் சீவிப்போட்ட ஒரு தட்டு. செந்தில்தான் அதை ஆர்டர் செய்திருந்தான். பப்பாளிக்காயில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கிறான், பாவம். அவன் அப்பாவுக்கு அதன் நிறமே பிடித்துவிட்டது. அதுவரை இறுகியிருந்த முகம் தளர்ந்து, ஸ்பூன் நிறைய அள்ளினார். அக்காவின் மூக்கு விடைத்தது. ஜெனிக்கும் தெரிந்துவிட்டது. முதுநகரில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "விடும்மா, ப்ளீஸ்" என்று கிசுகிசுத்தாள்.

"ஐயா, அத வாயில வச்சிடாதீங்க" என்றார் அக்கா. "அதுல கூனிக் கருவாட்ட இடிச்சுப் போட்டிருக்காங்க. மீன் தண்ணியும் ஊத்தியிருக்கு."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. செந்திலின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மணிப்பூர்ப் பையன் ஓடிவந்து, ஆமாம் என்று தலை குனிந்தான். நாங்கள் எல்லாரும் தாமரையைப் பார்த்தோம். அக்கா மட்டும் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து கை கழுவப் போனார். அப்படியே வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஜெனியின் கண்ணீர் தட்டில் விழுந்தது.

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "எம் பையன் இந்த விஷயத்த ரெண்டு வருஷமா எங்கிட்ட மறைச்சான்" என்றார். "ஏம்மா, உங்களால ஒரு வாய் சோத்துக்குக்கூட மறைக்க முடியலியே." பிறகு மணிப்பூர்ப் பையனைக் கூப்பிட்டு வெறும் வெள்ளைச் சோறு கேட்டார். தயிர் இல்லை என்றான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, ஆறு பேரும் அதையே சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

இந்த வருஷம் ஆடியில் அக்கா படுத்துவிட்டார். நோய் பெயரைச் சொன்னால் தாங்கமாட்டார், யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஜெனி எங்களிடம் கெஞ்சியிருந்தாள். பெற்ற மகள் பயப்படுகிறாள், அதில் என்ன தப்பு? ஒருநாள் மதியம் கடலூர் ஆஸ்பத்திரியில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம்.

"எல்லாரும் அல்சர்னு சொல்றாங்க. அல்சராடி?"

"இல்லக்கா" என்றேன். என்னவென்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சொல்லிட்டு எங்கடி ஓடுற? உக்காரு."

உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஜன்னலில் வெயில் இறங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. சொல்லிவிட்டு, கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.