பேசாதவர் ஓட்டு

வேளச்சேரியில் மழை வரப்போகிறதா என்று நான் வானத்தைப் பார்த்ததில்லை, மேம்பாலத்தைத்தான் பார்ப்பேன். எச்சரிக்கை வந்த உடனே கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இறங்கி வருவார்கள். எனக்கு இருந்ததெல்லாம் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு, ஒரு ஃபிரிட்ஜ், ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும் மனைவி. இதில் எதையும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள்தான் நினைப்பார்கள். அது பாத்ரூம் குழி வழியாக, வீட்டு ஓனர் மாதிரி உரிமையோடு உள்ளே வரும். வடிந்த பிறகும் சுவரில் ஈரம் பொங்கல் வரைக்கும் நிற்கும். அந்த மாதங்களில் என் மனைவி தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். அடுத்த மழைக்குள் ஒரு மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டும், எங்களுக்கு வேறு லட்சியமே கிடையாது. கூடுதல் வாடகையைக்கூடச் சமாளித்துவிடலாம். அட்வான்ஸ்தான் இடித்தது.

அந்த அட்வான்ஸுக்காகச் சேர்த்த பணத்தை நான் ஒரு காயினில் போட்டிருந்தேன். பிட்காயின் இல்லை. அது பேர் வாங்கிய பிறகு புற்றீசல் மாதிரிக் கிளம்பிய சின்னச் சின்ன கிரிப்டோ காயின்களில் ஒன்று. பேராசை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என்னை அதில் இழுத்தது லாபத்தைவிட அதிலிருந்த ஓட்டுதான்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, டீ, சமோசா. தலைவர் எப்போதும் ஒருவரேதான். மோட்டாரை மாற்றுவதா, வாட்ச்மேனை நிறுத்துவதா, எல்லாவற்றையும் அவரே முடிவு செய்து சொல்லிவிட்டு, “எல்லாருக்கும் ஓகேதானே?” என்பார். எல்லாரும் சமோசாவைப் பார்ப்பார்கள். யாரும் வாய் திறக்காததால் “ஏகமனதாக” என்று எழுதிக்கொள்வார். ஒருமுறை நான் கையைத் தூக்கி, தரைத்தளத்துக் குழாய்களில் தண்ணீர் திரும்பி ஏறாமல் இருக்க ஒரு அடைப்பான் போடலாமே என்றேன். “சார், நீங்க டெனன்ட்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த எரிச்சலோடு இருந்தபோதுதான் என் நண்பன் வந்தான். கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது மந்தைவெளியில் சொந்த ஃபிளாட். “மச்சி, இந்தக் காயின்ல தலைவர்னு ஒருத்தர் கிடையாது. எதை மாத்தணும்னாலும் எல்லாரும் ஓட்டுப் போடணும். காயின் வச்சிருக்கறவன் எல்லாரும் ஓனர். டெனன்ட்டே கிடையாது” என்றான். அந்தக் கடைசி வார்த்தையில் நான் தொபுக்கடீர் என்று விழுந்தேன்.

அந்தக் காயினின் கணக்கு ஊர் ஊராக யார் யார் வீட்டிலோ இருக்கும் கம்ப்யூட்டர்களில் ஓடும். அதில் ஒன்று என் நண்பன் வீட்டு ஏசி அறையில் ஓடியது. நம் காயினை அப்படி ஒருவர் பொறுப்பில் விட்டுவைத்தால் வட்டி மாதிரி கொஞ்சம் சேரும். நான் அவன் பொறுப்பில் விட்டேன். அப்போது அவன் ஒரு விதியைச் சொன்னான். ஓட்டெடுப்பு வந்தால் அவரவரே போடலாம். போடாமல் விட்டால், யார் பொறுப்பில் விட்டிருக்கிறோமோ அவர் போட்டதே நம் ஓட்டாகவும் எண்ணப்படும். “நம்ம ஜனங்க எங்க ஒழுங்கா ஓட்டுப் போடறாங்க, அதுக்காகத்தான்” என்றான். எனக்கும் நியாயமாகவே பட்டது.

அன்று பக்கத்து வீட்டுப் பெண் என் மனைவியின் ரவிக்கையைக் கொடுக்க வந்திருந்தாள். தி. நகர் கடைகளுக்கு வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள், தனியாள். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “இன்னா சார் இது, சீட்டா?” என்று கேட்டாள். “சீட்டு இல்லம்மா. இதுல தூக்கிக்கிட்டு ஓடறதுக்கு ஒரு முதலாளியே கிடையாது” என்றான் நண்பன். அவளும் சேர்ந்தாள். அவளுக்கும் மாடிதான் கனவு.

நான் ஒரு ஓட்டைக்கூட விட்டதில்லை. அடையாறில் ஒரு காலேஜ் ஆபீசில் எனக்கு வேலை. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டுப் போட்டிருக்கிறேன். கட்டணத்தைக் குறைக்கலாமா, ஆப்பின் நிறத்தை மாற்றலாமா, இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். “உங்க பார்லிமென்ட் கூடிடுச்சா?” என்று என் மனைவி கிண்டல் செய்வாள். செய்யட்டுமே. அங்கே என்னை யாரும் டெனன்ட் என்று சொல்லவில்லை.

பிறகு விலை சரிய ஆரம்பித்தது. காயினை ஆரம்பித்த நாலைந்து பேரை நாங்கள் டீம் என்போம். சிங்கப்பூரோ துபாயோ, முகம் பார்த்தது கிடையாது. அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: விலை மேலும் விழாமல் இருக்க எல்லார் காயினையும் ஒரு வருஷத்துக்குப் பூட்டிவிடலாம், யாரும் எடுக்க முடியாது. ஒரு வருஷம் என்றால் அடுத்த மழையும் அதே தரைத்தளத்தில்தான். “பூட்னா எப்டி சார் எடுக்கறது? வேணாம்னு போட்ரலாம்” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். நானும் அதே முடிவில்தான் இருந்தேன்.

ஓட்டெடுப்பு தொடங்கிய காலையில் மழையும் தொடங்கியது. சாயங்காலம் நிதானமாகப் படித்துவிட்டுப் போடலாம் என்று வைத்தேன். மத்தியானமே பாத்ரூமில் குபுகுபுவென்று சத்தம். கரண்ட் போனது, சிக்னல் போனது. மனைவியைக் கைத்தாங்கலாக மாடிப்படிக்கு ஏற்றினேன். பிறகு நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அவளுடைய தையல் மெஷினைத் தூக்கினோம். தண்ணீர் வடிகிறவரை படிக்கட்டிலேயே குடித்தனம். மனைவி மூச்சுக்குத் தவித்தாள். இன்ஹேலர் தீர்ந்துவிடக் கூடாதே என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. தீர்மானமாவது ஓட்டாவது.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மருந்து வாங்கப் போனேன். மேம்பாலத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது என்று சொன்னார்கள். அங்கே நின்றிருந்த கார்க்காரர் ஒருவர் பாவம் பார்த்து அவருடைய வண்டியில் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஆப்பைத் திறந்தேன். ஓட்டெடுப்பு முடிந்து, தீர்மானம் நிறைவேறியிருந்தது. கீழே, ஓட்டுப் போட்டதும் வழக்கமாகக் காட்டும் இடத்தில், பச்சை எழுத்தில் இருந்தது: உங்கள் ஓட்டு, ஆம்.

ரயில் ஓட ஆரம்பித்த அன்றே மந்தைவெளிக்குப் போனேன். சேறு அப்பிய பேண்ட்டோடு அவன் சோபாவில் வேண்டுமென்றே உட்கார்ந்தேன்.

“நீ எதுவும் போடலியே மச்சி. போடலைன்னா என் ஓட்டுதான். ரூல் உனக்குத் தெரியும்ல” என்றான்.

“நான் தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தேன்டா.”

“அது எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே. பூட்டலைன்னா மொத்தமும் போயிருக்கும், உனக்கும் நல்லதுன்னுதான் ‘ஆம்’ போட்டேன்.” காபியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னான். “நீ ‘இல்லை’ன்னு போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. காயினுக்கு ஒரு ஓட்டு இல்லியா, பாதிக்கு மேல காயின் டீம் கையிலதான் இருக்கு.”

“அப்போ இத்தனை நாளா நாம எதுக்குடா ஓட்டுப் போட்டோம்?”

அவன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கக் கூட்டத்தில் சமோசாவைப் பார்ப்பவர்களின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சித்திரை வந்தது, வெயில் அடித்தது, சுவர் காய்ந்தது. நான் எங்கெங்கோ கடன் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒரு நாள் சும்மா ஆப்பைத் திறந்தால் என் காயின்மேல் இருந்த பூட்டைக் காணோம். பதறிப்போய் அவனைக் கூப்பிட்டேன்.

“டீமுக்கு எழுதினேன் மச்சி. உன் வொய்ஃப் உடம்பைப் பத்திச் சொன்னேன். அவங்ககிட்ட ஒரு சாவி இருக்கு, அவசரத்துக்கு. யாரோட பூட்டையும் அவங்க நெனச்சா திறக்கலாம்.”

“என்னைக் கேக்காம ஏன்டா எழுதின?”

“கேட்டா நீ வேணாம்னுவ. உன்னை எனக்குத் தெரியாதா?”

தெரிந்துதான் செய்திருக்கிறான். முதல் தடவை என் ஓட்டைப் போட்டவனும் அவன்தான், இந்தத் தடவை என் பேரில் பிச்சை எடுத்தவனும் அவன்தான், இரண்டையும் என்மேல் இருக்கிற பிரியத்தில்தான் செய்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே சமயம் அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். முதலாளி இல்லை என்றார்கள், சாவி இருக்கிறதே, இது தப்பில்லையா, மற்றவர்களெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று அடுக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “மறுபடி பூட்டறதுக்குள்ள எடுங்க” என்றாள். எடுத்தேன்.

மந்தைவெளியில் மூன்றாம் மாடி கிடைத்தது. சாமான் ஏற்றுகிற அன்று பக்கத்து வீட்டுப் பெண்தான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள். “உங்க்ளுக்குத் தொறந்துட்டாங்களா சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நல்லதாப் போச்சு. அக்கா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்காகவும் எழுதச் சொல்லி நண்பனை நச்சரித்தேன். எழுதினான். பதில் இல்லை. மறுபடி எழுதினான், அதற்கும் இல்லை.

ஆடி மாதத்தில் புதுத் தீர்மானம் வந்தது. அவசரமான விஷயங்களுக்கு இனி ஓட்டெடுப்பு வேண்டாம், சாவி நிரந்தரமாக டீமிடமே இருக்கட்டும். எது அவசரம் என்பதையும் டீமே சொல்லும். அதற்குக் காரணம் காட்டியிருந்தார்கள், பேர் இல்லாமல்: வெள்ளத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தை இந்தச் சாவிதான் உடனே காப்பாற்றியது, ஓட்டெடுப்புக்காகக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தக் குடும்பம் நாங்கள்தான். என் மனைவியின் மூச்சிரைப்பைக் காட்டி ஓட்டுக் கேட்டிருந்தார்கள்.

அட்வான்ஸுக்கு எடுத்ததுபோக மிச்சமிருந்த கொஞ்சம் காயினை வைத்து, முதல் ஆளாக, என் கையாலேயே ‘இல்லை’ என்று போட்டேன். காயின் வைத்திருப்பவர்களின் ஆன்லைன் குழுவில் பக்கம் பக்கமாக எழுதினேன். இன்று இரக்கத்துக்குத் திறக்கிற சாவி நாளைக்கு எதற்குப் பூட்டும் என்று கேட்டேன். ஒருவர் பதில் போட்டார்: “உனக்குக் கெடச்சிடுச்சு. எங்களுக்குக் கெடைக்கக் கூடாதா?” அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். இந்த முறை டீமின் காயினே தேவைப்படவில்லை. பூட்டுக்குள் கிடந்த சின்ன ஆட்களே தேடித் தேடி வந்து ‘ஆம்’ போட்டார்கள். அவ்வளவு பேர் ஓட்டுப் போட்டு நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அடுத்து, ஒரு வருஷப் பூட்டை இன்னொரு வருஷத்துக்கு நீட்டினார்கள். அவசரம் என்பதால் யாரையும் கேட்கவில்லை.

இப்போது ஐப்பசி. இரண்டு நாளாக விடாத மழை. மூன்றாம் மாடியில் தண்ணீர் கண்ணாடியில் வழிவதோடு சரி. என் மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் நீட்டிப் படுத்து, ஒரே ஒரு தலையணையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் வந்தது. பழைய பழக்கத்தில் இன்னும் பக்கத்து வீடு என்றே சொல்கிறேன்.

“தண்ணி வந்துக்கினே கீது சார். மெஷினைக் கட்டில் மேல ஏத்திட்டேன்” என்றாள். பின்னால் அந்தக் குபுகுபு சத்தம் எனக்கே கேட்டது. “நானும் அந்தச் சாவிக்கு ஆம்னுதான் சார் போட்டேன். உங்க்ளுக்குத் தொறந்தாங்க இல்ல, அத்தப் பாத்துதான் போட்டேன். உங்க ஃப்ரெண்டாண்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க.”

நான் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நண்பன் இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“சரி சார், நீங்க ‘சொல்றேன்’னு சொன்னதா எட்துக்கறேன்” என்று போனை வைத்தாள்.