சேடிலின் திருகை இறுக்கிய அன்று

அன்று லேத் பட்டறையில் மூன்று பேர்தான் இருந்தோம். நான், கூட வேலை செய்யும் செல்வம், தாமல் கிராமத்திலிருந்து வந்த அஞ்சலை அக்கா. பம்ப் ஷாஃப்ட் முறிந்ததால் அக்காவின் நெல் வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. புது ஷாஃப்ட் செய்ய இரும்பு ராடை அவரே வாங்கி வந்திருந்தார்.

எங்கள் லேத் பழையது. பெரும்பாலான வேலை ராடைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் அங்கே லேத்தின் அடிப்பாகமான பெட் தேய்ந்துவிட்டது. அதன்மேல் இரும்பை வெட்டும் டூலைச் சுமந்து நகரும் சேடில் அந்த இடத்தில் ஆடும். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த வேலையும் போய்விடுமோ என்ற கவலை எப்போதும் உண்டு. அளவு பிசகக் கூடாதென்று சேடிலின் திருகுகளை ஸ்பேனரால் இறுக்கினேன். மறுபடியும் இறுக்கினேன்.

“இன்னாபா, அது ஊறுகா ஜாடி மூடியா? எத்தினி வாட்டி இறுக்குவ?” என்றார் அக்கா.

சக்கிலிருந்து மறுமுனை நோக்கி வெட்டிக்கொண்டு போனேன். தேயாத பகுதி வந்ததும் சேடில் இறுகி நின்றுவிட்டது. பதறிப்போய்க் கைப்பிடியைத் தப்பான பக்கம் சுற்றினேன். டூல் உள்ளே இறங்கி, ராடில் ஆழமாகப் பள்ளம் விழுந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அவர் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “இன்னிக்குத் தண்ணி பாஞ்சா பயிரு பொழச்சிக்கும். வேற ராடுக்கு நான் காசு தரேன், அப்பால குடு. நீ மொதல்ல அந்தத் திருகை லூசு பண்ணு.”

செல்வம் ஓடிப்போய் ராடு வாங்கி வந்தான். இந்த முறை திருகுகளைத் தளர்த்தினேன். சேடில் ஆடும் இடத்தில் கொஞ்சம் கனம் விட்டு வெட்டி, எமரித் தாளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். வயலில் தண்ணீர் பாய்வதாகச் சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

இன்றும் பயம் வந்தால் கை ஸ்பேனரைத் தேடும். உடனே ஊறுகாய் ஜாடி ஞாபகம் வரும், கையை எடுத்துவிடுவேன். அந்த ராடுக்கு அக்காவுக்கு இன்னும் நானூறு ரூபாய் தர வேண்டும்.