பட்டியலில் இல்லாத பலகை

அலுவலகத்தில் அவளுக்கு லிஸ்ட் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

சினிமாவுக்கு வெள்ளமும் வெடிப்பும் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. மொத்தம் அறுபத்திரண்டு கணினிகள். அவற்றுக்குத் தலைவலி வந்தாலும் தடுமல் பிடித்தாலும் பத்தொன்பது வருடமாக அவள்தான் வைத்தியம் பார்க்கிறாள். அங்கே எல்லோரும் ஒரே மென்பொருளில்தான் வேலை செய்கிறார்கள். அதைத் தயாரிக்கும் கம்பெனி ஒவ்வொரு புதிய பதிப்போடும் ஒரு பட்டியல் வெளியிடும். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்த கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்க எந்த டிரைவர் மென்பொருள் என்று வரிவரியாக இருக்கும். பட்டியலில் உள்ளதை வைத்துக்கொண்டால் கம்பெனி பொறுப்பு. இல்லாததை வைத்துக்கொண்டால் நீங்களாச்சு, உங்கள் தலையெழுத்தாச்சு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் ஒருமுறை பட்டியலை மீறியிருக்கிறாள். டிரைவர் எண்ணில் கடைசி இலக்கம்தான் வேறு, என்ன ஆகிவிடும் என்று பதினோரு கணினிகளில் ஏற்றிவிட்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எரியும் கட்டடத்திலிருந்து பச்சை நிறத்தில் புகை வந்துகொண்டிருந்தது. ஒரு வார வேலையும் குப்பைக்குப் போனது. சூடு கண்ட பூனை ஆனாள். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "லிஸ்ட்ல இருக்கா?"

வீட்டிலும் அப்படித்தான். மகள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, அப்பா லிஸ்ட்ல இருந்தாராம்மா?"

"உங்கப்பா ஒருத்தரைத்தான் லிஸ்ட் பாக்காம எடுத்தேன். அதான் இன்னிக்கு வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

அந்த வருடம் பெரிய படம் ஒன்று வந்தது. கொடுத்தவர்கள் எல்லாக் கோப்புகளையும் மென்பொருளின் புதிய பதிப்பில் அனுப்பினார்கள். புதிய பதிப்புக்குப் புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும். இரண்டு நாள் விடுமுறையில் அவள் ஒண்டியாளாக உட்கார்ந்து அறுபத்திரண்டையும் மாற்றினாள். ஒவ்வொன்றிலும் நிறம் பார்த்தாள், வேகம் பார்த்தாள். கடைசியாக, திரையில் படம் வரைவதற்கான பென் டேப்லெட் பலகையில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக வந்தால் தாளில் ஒரு டிக்.

ஒரு மேஜையில் மட்டும் பலகை பழசு. ஓரம் தேய்ந்து, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பட்டியலில் அதற்கு இடமில்லை, அதன் டிரைவர் புதிய சிஸ்டத்தில் ஓடவும் ஓடாது. அதைக் கழித்த சாமான்களின் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் புதுசு ஒன்றை வைத்தாள். கோடு இழுத்தாள். நூல் பிடித்த மாதிரி வந்தது. டிக்.

அந்த மேஜை ரப்பர் அண்ணனுடையது. வானத்தில் பறக்கும் கதாநாயகனைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பிகளைப் படத்திலிருந்து, ஒவ்வொரு ஃபிரேமாக, அழிப்பவர். ஐம்பத்தேழு வயது. அவர் அழித்த கம்பியைப் படம் எடுத்தவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாது என்பார்கள்.

விடுமுறை முடிந்த அன்று அவரே அவளைத் தேடி வந்தார்.

"பேனா சரியில்லம்மா. பழைய பலகையையே குடுத்துடேன்."

அவள் போய் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "நல்லாத்தானேண்ணே இருக்கு? அது லிஸ்ட்ல இல்ல."

அவர் பேனாவை வாங்கி மேஜையில் வைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைத்துக்கொண்டே அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். நினைத்ததை வெளியே சொல்லவில்லை என்பது ஒன்றுதான் பின்னால் அவளுக்கு ஆறுதல்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கம்பி போயிருந்தது. ஆனால் அது இருந்த இடத்தில் வானம் நெளிந்துகொண்டே இருந்தது.

"வானம் கொதிக்குது பாருங்க. அவர் குடுத்த மூணு ஷாட்டும் திரும்பி வந்துடுச்சு. மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"இல்ல சார். எல்லாம் லிஸ்ட்படிதான் இருக்கு. நானே டெஸ்ட் பண்ணேன்."

"அப்போ ஆளுக்குத்தான் வயசாயிடுச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற இடம் பாத்துக்கச் சொல்ல வேண்டியதுதான்."

தன் வாயாலேயே ஒரு மனிதரின் சீட்டைக் கிழித்துவிட்டோமோ என்று அவளுக்கு உறுத்தியது. எதையும் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பது அவள் பழக்கம். ரப்பர் அண்ணனின் பழைய கணினியின் நகலைத் திறந்து, பழைய பலகையின் அமைப்புகளைப் பார்த்தாள். ஒரே ஒரு வரி மற்றவர்களுடையதிலிருந்து வேறாக இருந்தது: கை நடுக்கத்தைக் குறைப்பது. அதைக் கடைசி எல்லைவரை தள்ளி வைத்திருந்தார். வைத்த தேதி நாலு வருடத்துக்கு முந்தையது. புதிய டிரைவரில் அந்த வசதியே இல்லை.

காபி நேரத்தில் தூர நின்று பார்த்தாள். எல்லோரும் பேசிக்கொண்டே குடித்தார்கள். ரப்பர் அண்ணன் அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொண்டார், அதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். நாலு வருடமாக இது அவள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. கணினிகளுக்குத் தும்மல் வந்தால் ஓடியவளுக்கு இது தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமாண்ணே?"

"எதும்மா?"

"கை."

அவர் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "வீட்ல தெரியும். இங்க தெரிய வேண்டாம்னு இருந்தேன். கண்ணு நல்லாயிருக்கும்மா. கம்பி எங்க ஒளிஞ்சிருக்குன்னு இன்னிக்கும் எனக்குத்தான் முதல்ல தெரியும். கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ லிஸ்ட்ல இருக்கான்னு கேப்பே."

அவள் எழுந்து, கழித்த சாமான்கள் கிடந்த இடத்துக்குப் போனாள்.

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பழைய பலகையை எடுத்தாள். அந்த ஒரு கணினியில் மட்டும் பழைய சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றினாள். பழைய மென்பொருளில் புதிய கோப்பு திறக்காது, அது தெரிந்ததுதான். ஆனால் கம்பி அழிக்கக் கோப்பு எதற்கு? படங்கள் போதும், படத்துக்குப் பதிப்பு கிடையாது. பழைய சிஸ்டத்துக்கு வைரஸிலிருந்து பாதுகாப்பு இல்லை என்பதால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். காலையில் அவளே ஒரு டிஸ்கில் படங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, மாலையில் அவளே வாங்கி வருவது என்று ஏற்பாடு. மேற்பார்வையாளருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

"லிஸ்ட்ல இல்லாத மெஷினா? நீங்களா?"

"புதுப் பலகைல கோடு நடுங்குது சார். டெஸ்ட் பண்ணப்போ நான் சரியா பாக்கல. தப்பு என்னோடது."

பத்தொன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து யாரும் கேட்காத வாக்கியம் அது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மூன்று ஷாட்டும் போயின, திரும்பி வரவில்லை. அதன்பின் எந்தக் கணினியிலும் அவள் கோடு இழுத்துப் பார்ப்பதில்லை. யாருடைய மேஜையோ, அவரையே உட்கார வைத்து இழுக்கச் சொல்கிறாள்.

அலுவலகத்துக்கென்று அவள் தயாரித்துச் சுவரில் ஒட்டும் தாளில் கணினிக்கு ஒரு வரி உண்டு. கடைசிக் கட்டத்தில், ஆதரவு முடியும் நாள்; அதற்குப் பிறகு அந்த சிஸ்டத்தை மாற்றியாக வேண்டும். அறுபத்தொன்றுக்குக் கம்பெனி சொன்ன தேதியைத் தட்டச்சு செய்தாள். அறுபத்திரண்டாவதில் கட்டத்தைக் காலியாக விட்டு, தாளையும் ஒரு பால்பாயிண்ட் பேனாவையும் ரப்பர் அண்ணன் முன் வைத்தாள்.

"எப்போன்னு போடட்டும்ணே?"

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. பேனாவை எடுத்து, நேரம் எடுத்துக்கொண்டு எழுதினார்: நானே சொல்கிறேன்.

எழுத்து நடுங்கியிருந்தது. அவள் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டவில்லை. மடித்துத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.