உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு: குணாளன் அண்ணனுக்காக

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று காலை குணாளன் அண்ணன் வீட்டுக்கு நான் ஓடி வந்தபோது என் மீசை ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் வெள்ளையாகவும் இருந்தது. துக்கத்தில் நரைத்துவிட்டது என்று நம் தாமான் குடியிருப்பில் யாரோ சொன்னார்களாம். நானும் மறுக்கவில்லை. உண்மை என்னவென்றால், கண்ணாடி முன் நின்று இடது பக்கத்துக்கு டை அடித்து முடித்திருந்தேன். போன் அடித்தது. அண்ணனின் மனைவி சரோஜா அக்கா. "தம்பி, அண்ணே எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு, வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எழுந்திருக்காதது ஒரு செய்தியா என்று கேட்க வாயெடுத்தேன். அக்காவின் மூச்சைக் கேட்டதும் பிரஷைப் போட்டுவிட்டு ஓடினேன். மீசையின் வலது பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

நான் செமோரிலிருந்து கமுந்திங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. என்னைப் போய் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னது கோயில் கமிட்டி. எழுத்துப்பிழை இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

அண்ணன் அந்தத் தொழிற்சாலையில் கையுறை செய்யும் லைனில் வேலை செய்தார். வேனில் முன் சீட் அவருடையது. இருபது வருஷம் அந்த சீட்டில் தூங்கிக்கொண்டேதான் வந்தார். பழைய லைனை மூடப்போகிறோம், டிப்ளோமா இருந்தால் புது மெஷினில் வேலை, இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொன்ன பிறகுதான் அந்தத் தூக்கம் போனது. ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஈப்போவில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தார். எல்லாப் பாடத்தையும் தாண்டினார். கணக்கில் ஒரு தாள் மட்டும் இரண்டு முறை அவரைக் கவிழ்த்தது. மூன்றாவது முறையும் போனால் டிப்ளோமா இல்லை, வேலையும் இல்லை.

அந்தத் தாளில் பாதி, முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று மட்டும் சொல்வார்கள். மிச்சத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும். இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அண்ணன் தினமும் வேனில் எனக்குப் பாடம் நடத்தினார். எனக்காக இல்லை. "உன்னை மாதிரி ஒண்ணுமே தெரியாத ஆளுக்குப் புரிய வச்சுட்டா நான் பாஸ்லா" என்றார்.

"அப்ப நான் பெயிலானா?"

"நீ புதுசா பெயிலாக என்ன இருக்கு? ரோட்டைப் பாத்து ஓட்டு."

முதலில் பிரிக்கும் முறை. "எக்ஸ் எல்லாம் ஒரு பக்கம், டீ எல்லாம் ஒரு பக்கம். பிரிச்சு உக்கார வச்சாத்தான் வேலை நடக்கும்" என்றார்.

"கோயில்ல ஆம்பள, பொம்பள மாதிரியா?"

"அதேதான்."

"பிரிய மாட்டேன்னு அடம்பிடிச்சா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். பேக்கிங் பகுதி மேரி அக்கா. வேனில் யார் எதைப் பேசினாலும் அதில் அவருக்குப் பங்கு உண்டு.

அண்ணன் முழுசாகப் பின்னால் திரும்பினார். "நல்ல கேள்வி! அப்ப வெளியிலேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து ரெண்டு பக்கத்தையும் அவனால பெருக்கணும். அவன் வந்ததும் இடது பக்கம் முறைச்சுக்கிட்டு இருந்த ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்க. வேலை முடிஞ்சதும் அவனாலேயே வகுத்து, அவனை அனுப்பி வச்சிடணும்."

"நம்ம கோயில் தலைவர் பஞ்சாயத்துக்கு வர்ற மாதிரி" என்றேன்.

"அவரு எங்க உடனே போறாரு? சாப்பிட்டுத்தானே போவாரு" என்றார் மேரி அக்கா. தலைவர் மன்னிக்க வேண்டும். நாங்கள் சிரித்தது கணக்குக்காக.

கடைசியில் ஒரு சி, அதாவது ஒரு மாறிலி, போட வேண்டும். அதை மறந்துதான் முதல் முறை கோட்டை விட்டார். "அந்த சி-யிலதான் ஆரம்பமே ஒளிஞ்சிருக்கு. ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம எவனும் கதையை முடிக்க முடியாது" என்பார். அதன்பிறகு யார் எதைச் சொன்னாலும் இதே கேள்விதான். மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மேரி அக்கா அழுதபோதும், "ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு?" என்றார். மேரி அக்கா யோசித்துவிட்டு, "ஆரம்பத்துலயும் பேசல" என்றார். "அப்ப ஒண்ணும் மாறல, அழாதீங்க" என்று முடித்துவிட்டார்.

அவரை விடாமல் கவிழ்த்தது தொட்டிக் கணக்கு. ஒரு தொட்டியில் உப்புத்தண்ணீர். மேலே நல்ல தண்ணீர் விழுகிறது, கீழே அதே வேகத்தில் வெளியே போகிறது. கொஞ்ச நேரம் கழித்து உப்பு எவ்வளவு? அண்ணன் ஒவ்வொரு முறையும், வெளியே போகிற தண்ணீரில் ஆரம்பத்தில் இருந்த அதே உப்பைப் போட்டுவிடுவார். ஒரு நாள் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. "அண்ணே, இல்லாத உப்பையும் வெளியே எடுத்துட்டீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. செமோர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "இந்த வயசுல இனி எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்றார்.

அந்த வாரம் தைப்பூசம். நம் கோயில் தண்ணீர்ப் பந்தலைத்தான் நீங்கள் அறிவீர்களே. பெரிய நீலப் பிளாஸ்டிக் தோங்கில், அதாவது பீப்பாயில், காலையில் ரோஸ் நிறச் சீராப் சர்பத் கலக்கி வைப்போம். கீழே குழாய் ஓடிக்கொண்டிருக்கும். தோங் குறையக் கூடாது என்று மேலே தண்ணீர் ஹோஸைப் போட்டுவிடுவோம். எவ்வளவு கூட்டம் வந்தாலும் நம் தோங் வற்றாது என்று அதில் ஒரு பெருமை வேறு. மத்தியானம் அண்ணனும் நானும் குவளை நீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஆள் குடித்துவிட்டு, "என்னலா இது, சீராப்பா, தோங் கழுவுன தண்ணியா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மத்தியானம் வந்துட்டு காலையில இருந்த இனிப்பைக் கேட்டா எப்படிலா? இப்ப தோங்குல என்ன இருக்கோ அதுதான் குழாயில வரும்!"

அண்ணன் குவளையோடு அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"இனிப்பு குறையக் குறைய, வெளியே போற இனிப்பும் குறையும்... அப்ப அது பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாதுலா!" என்று கத்தினார். காவடியோடு போனவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சீராப்பை விரலில் தொட்டு, மேசை விரிப்பிலேயே எழுத ஆரம்பித்தார். பிரித்தார், தொகையிட்டார், சி போட்டார், காலையில் எவ்வளவு ஊற்றினோம் என்று என்னைக் கேட்டு அந்த சி-யையும் பிடித்தார். "ஒரு முழு தோங் தண்ணி உள்ளே போயிருந்தா, இனிப்புல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் மிச்சம். அந்த ஆளு கேட்டது நியாயம். போய் மன்னிப்புக் கேளு" என்றார். கேட்டேன். இன்னொரு குவளையும் நீட்டினேன். வேண்டாம் என்றார்.

தேர்வு முடிந்து வந்து, "தோங் வந்துச்சுலா" என்று மட்டும் சொன்னார். முடிவு வந்த காலையில் போனைத் திறக்கப் பயந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மேரி அக்கா பின்னாலிருந்து பிடுங்கிப் பார்த்து, "பாஸ்!" என்று போட்ட சத்தத்தில் நான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். அன்று வேனில் வந்த அத்தனை பேரும் வேலைக்கு லேட். யாரும் அண்ணனைத் திட்டவில்லை. இறந்துபோவதற்கு முந்தைய நாள் வரை அவர் அந்தப் புது மெஷினில்தான் நின்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது மூன்று கேள்வி. ஆரம்பத்தில் எவ்வளவு? உள்ளே எவ்வளவு? வெளியே எவ்வளவு? அந்தக் கணக்குப்படி இனிப்பு குறையுமே தவிர, தீர்ந்துபோகாது. சரோஜா அக்காவிடம் இதைச் சொன்னேன். "உங்கண்ணே சொல்ற மாதிரியே இருக்கு, ஒண்ணும் புரியல" என்று சொல்லி, அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

கருமக்கிரியை அன்று சீராப் என் பொறுப்பு. அண்ணன் பேர் கெடக் கூடாது என்று முறையாகச் செய்தேன். ஆரம்பத்தில் எவ்வளவு என்று பார்த்தேன்: தோங் நிறைய, நல்ல இனிப்பு. உள்ளே எவ்வளவு என்று பார்த்தேன்: ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது என்று ஹோஸைச் சுருட்டி வேனில் வைத்துப் பூட்டினேன். பிறகு உள்ளே போய்த் தேவாரத்துக்கு உட்கார்ந்தேன். கீழே குழாய் திறந்திருந்தது. தோங் வாசலில் இருந்தது. செருப்புகளும் வாசலில்தான் இருந்தன. கோயில் தலைவர் வெள்ளைச் செருப்பில் வந்திருந்தார். ரோஸ் செருப்பில் போனார்.